அம்பாசடர் மார்க் 4: ஐடிலில் நடுக்கம், கூடவே டாப்பெட் சத்தம்

கரூர்_மார்க்4

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1984 அம்பாசடர் மார்க் 4, பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜின். அப்பா வாங்கியது, இன்னும் என்ஜின் மாற்றவில்லை, டீசலும் ஆக்கவில்லை, அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. போன கோடையில் திண்டுக்கல் போகும் வழியில் ஹீட் ஆகி, என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இங்கே ஒரு பட்டறையில் கேஸ்கெட் மாற்றினார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது, ஆனால் கொஞ்ச நாளில் மேலே டிக் டிக் என்று டாப்பெட் சத்தம் (வால்வுகளை அமுக்குகிற ராக்கர் பக்கம் வரும் சத்தம்) ஆரம்பித்தது. திரும்பக் கொண்டு போனேன், என்ஜினை ஓடவிட்டு ராக்கர் கவரைக் கழற்றி, காதால் கேட்டுக் கேட்டே ஒவ்வொன்றாக டைட் பண்ணிக் கொடுத்தார்கள். சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது, ஒரே ஒரு டிக் மட்டும் விடாமல் கேட்கிறது.

இப்போது புதுத் தொல்லை என்னவென்றால் ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் நின்று ஓடும்போது) வண்டியே நடுங்குகிறது, கியர் லீவர் ஆடுவது கண்ணுக்குத் தெரியும், ஸ்பீடு எடுத்தால் பரவாயில்லை, ஆனால் மேட்டில் இழுவை இல்லை, சைலன்சரில் பொத் பொத் என்று ஒரு சீரில்லாத சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் பரவாயில்லை, சூடான பிறகுதான் மோசம். பிளக் நான்கும் புதிது, பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார் எல்லாம் மாற்றியாகிவிட்டது. கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிட்டும் போட்டாயிற்று. ஒன்றும் மாறவில்லை. பட்டறையில் "பழைய என்ஜின் சார், இப்படித்தான் இருக்கும், ரீபோர் போட்டுவிடலாம்" என்கிறார்கள். சத்தமும் நடுக்கமும் ஒரே காரணத்தால்தானா? ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவது, அவசியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேனிஃபோல்ட்_மதுரை

நண்பரே, ரீபோர் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். புகை வருகிறதா, ஆயில் குடிக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை, அது இரண்டும் இல்லாமல் பிஸ்டன் பக்கம் போகக் கூடாது. இன்டேக் மேனிஃபோல்டில் (கார்பரேட்டரிலிருந்து என்ஜினுக்குக் கலவை போகும் குழாய்) காற்று இழுத்தாலும் ஐடிலில் இப்படித்தான் நடுங்கும், ஸ்பீடு எடுத்தால் தெரியாது. கேஸ்கெட் வேலைக்காக மேனிஃபோல்டையும் கழற்றியிருப்பார்கள், அதன் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டார்களா என்று கேளுங்கள். ஐடிலில் ஓடும்போது ஜாயிண்ட் ஓரத்தில் ஆயில் கேனால் கொஞ்சம் கெட்டியான ஆயில் சொட்டுங்கள், உள்ளே இழுத்துக்கொண்டால் ஒரு கணம் ஓட்டம் மாறும். பெட்ரோலை ஊற்றிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, தயவுசெய்து வேண்டாம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் அதே பக்கம்தான் இருக்கிறது, தீப்பிடிக்கும். த்ராட்டில் ஸ்பிண்டில் ஆட்டம் இருக்கிறதா, பிரேக் பூஸ்டர் இருந்தால் அந்த ஹோஸ் வெடித்திருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் பைப் கழன்றிருக்கிறதா, இதெல்லாம் அரை மணி நேர வேலை.

பழைய_பட்டறை

தம்பி, நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள், ஆனால் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். டைட் பண்ணிய பிறகுதான் நடுக்கம் வந்தது. சூடானால் மோசம். இந்த இரண்டு வரியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றுவது ஏதோ ஒரு எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியேற்றுகிற வால்வு) முழுசாக மூடவில்லை என்பதுதான். மேனிஃபோல்ட் நண்பர் சொன்னதையும் பார்த்துவிடுங்கள், தப்பில்லை, ஆனால் அது மட்டும் இருந்தால் மேட்டில் இழுவை குறைவதற்கும் சைலன்சர் சத்தத்துக்கும் பொருந்தவில்லை.

டாப்பெட் சத்தம் போட்டால் பயப்படாதீர்கள், சத்தம் போடாத டாப்பெட்டைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவில் கேப் அதிகமாக இருந்தால் டிக் டிக் என்று கேட்கும், வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், பவர் துளி குறையும், அவ்வளவுதான். கேப் இல்லாமல் போனால் சத்தமே வராது. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில், அதாவது அது மூடி உட்காரும் விளிம்பில், உட்காரும்போதுதான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. சூட்டில் தண்டு நீண்டு, கேப் இல்லாததால் வால்வு சீட்டை விட்டு ஒரு மயிரிழை தூக்கி நின்றால், வெடிக்கிற வாயு அந்த இடுக்கு வழியாகப் பாய்ந்து ஓரத்தை அரித்துவிடும். வால்வு எரிந்துவிட்டது என்று சொல்வது இதைத்தான். என்ஜினை ஓடவிட்டுச் சத்தம் நிற்கும்வரை ஸ்க்ரூவைத் திருகுவது இந்த ஊரெல்லாம் இருக்கிற பழக்கம், நான் வேலை கற்ற இடத்திலும் சிலர் செய்தார்கள், எத்தனையோ நல்ல ஹெட்டுகளைக் கெடுத்த பழக்கம் அது. சத்தம் வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும், இவர்கள் நல்ல வால்வின் கேப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரி, ஹெட்டைத் தூக்கும் முன்னால் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் பிடி உள்ள பிளையர் வைத்துப் பிடியுங்கள், ஒயரை எர்த்தில் தொடவிடுங்கள், அந்தரத்தில் விட்டால் காயில் கெடும். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் ஓட்டம் சட்டென்று இறங்கும். எதைக் கழற்றியும் மாற்றமே இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

அப்புறம் கேஜ் வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அழுத்தும் அளவு). நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதுதான் முக்கியம். குறைவாக இருக்கும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைவாக இருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

பைசா செலவில்லாத இன்னொன்று: ஐடிலில் ஓடும்போது சைலன்சர் வாயில் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். நல்ல என்ஜின் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தால் இடையிடையே காகிதம் உள்ளே இழுபடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு டாப்பெட். ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினில், ஓடாமல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) வைத்து. இந்த 1489 என்ஜினுக்கு எட்டு வால்வுக்கும் 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். பின்னால் வந்த இசுசூ 1.8 என்ஜினுக்கு இந்தக் கணக்கு கிடையாது, வேறு யாராவது இதைப் படித்துவிட்டு அதில் வைக்காதீர்கள். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பது கணக்கு இருக்கிறது. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எது முழுக்க அமுங்கித் திறந்திருக்கிறதோ அந்த எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள், வருகிற எண்ணைச் செட் பண்ணுங்கள். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3, 4 திறந்திருந்தால் 5, இப்படி. பிளக்குகளைக் கழற்றிவிட்டால் ஹேண்டில் போட்டுச் சுலபமாகச் சுற்றலாம், ஹேண்டில் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளுங்கள். இதில் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், மற்ற நான்கும் இன்டேக். மாற்றுவதற்கு முன்னால் இப்போது என்ன இருக்கிறது என்று அளந்து எழுதி இங்கே போடுங்கள். உடனே 15க்கு வைத்துவிட்டால் தடயம் போய்விடும்.

சேலம்_ஸ்பேனர்

அண்ணன் சொன்னதுதான் சரி. மிச்சம் இருக்கிற அந்த ஒரே டிக் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். அது டாப்பெட்டாக இல்லாமலும் இருக்கலாம். பெட்ரோல் பம்ப் மெக்கானிக்கலாக இருந்தால் அதையும் வால்வுகளை இயக்குகிற கேம் ஷாஃப்ட்தான் அடிக்கிறது, லீவர் தேய்ந்தால் அச்சு அசலாக டாப்பெட் மாதிரியே கேட்கும், டைமிங்கும் அதே டைமிங். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் லீக் ஆனாலும் டிக் டிக்தான், ஆனால் அது லோடு கொடுத்தால் கூடும், சூடானால் இரும்பு விரிந்து சில சமயம் அடங்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையைப் பம்ப் மேல், ராக்கர் கவர் மேல், முன்பக்கச் செயின் கவர் மேல் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஃபேன் பெல்ட்டில் துண்டு, சட்டைக் கை எதுவும் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய எண்டு (கிராங்கில் மாட்டியிருக்கிற கனெக்டிங் ராடு பேரிங்) சத்தமா என்று பயம் இருந்தால், அந்தச் சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றும்போது சத்தம் குறைகிறதா பாருங்கள். பேரிங் சத்தம் பொதுவாகக் குறையும், டாப்பெட் அசையாது.

ராக்கரில்தான் என்று முடிவானால், கவரைக் கழற்றி ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு கேப்பிலும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பாருங்கள். எதில் நுழைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். அப்படியே ராக்கர் ஆர்ம் எல்லாவற்றிலும் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். ராக்கர் ஷாஃப்டுக்கு ஆயில் ஹெட் வழியாக, ஷாஃப்டைத் தாங்குகிற ஒரு பீடஸ்டல் ஓட்டையில் ஏறி வருகிறது. கேஸ்கெட் போடும்போது பேஸ்டை அள்ளித் தடவி அந்த ஓட்டையை அடைத்தவர்கள் உண்டு. ஆயில் வராமல் ஓடினால் ஷாஃப்ட், ராக்கருக்குள் இருக்கிற புஷ் வளையம் இரண்டும் போகும், எவ்வளவு அட்ஜஸ்ட் செய்தாலும் சத்தம் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொன்று, வால்வு தண்டின் மேல் உட்காருகிற ராக்கர் முனை குழி விழுந்திருக்கும். ஃபீலர் கேஜ் தகடு தட்டை, அது குழிமேல் பாலம் போல நின்றுவிடும். நீங்கள் 15 என்று வைப்பீர்கள், உள்ளே 20க்கு மேல் இருக்கும். அளவு சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான்.

கரூர்_மார்க்4

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

புகை இல்லை, ஆயில் அளவும் குறையவில்லை. மேனிஃபோல்டில் காற்று இழுக்கவில்லை, வேக்கம் பைப் சரி. மூன்றாவது சிலிண்டர் ஒயரைக் கழற்றினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லை, மற்ற மூன்றிலும் நன்றாக இறங்குகிறது. கம்ப்ரஷன் பி.எஸ்.ஐ. கணக்கில் முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக 122, 118, 65, 120. மூன்றில் ஆயில் விட்டும் 70 தாண்டவில்லை. காகிதம் உள்ளே இழுபட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

டாப்பெட் அளவு, ஆறிய என்ஜினில், தௌ கணக்கில்: 1ல் 10, 2ல் 16, 3ல் 11, 4ல் 8, 5ல் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை, 6ல் 12, 7ல் 12, 8ல் 9. சத்தம் வருவது 2ல், தகடு நுழைத்ததும் நின்றது. சேலம் அண்ணன் சொன்ன மாதிரியே அந்த ராக்கர் முனையில் விரல் நகத்தில் தட்டுப்படுகிற குழி இருக்கிறது. ஆயில் எல்லா ராக்கரிலும் வருகிறது. 5ஐ 15க்கு வைத்து ஓட்டிப் பார்த்தேன், நடுக்கம் துளி குறைந்தது, போகவில்லை. இனி ஹெட்டைத் தூக்கத்தான் வேண்டுமா?

பழைய_பட்டறை

தூக்கத்தான் வேண்டும் தம்பி. ஆனால் ரீபோர் இல்லை, உங்கள் கீழ் என்ஜின் நன்றாக இருக்கிறது, மூன்று சிலிண்டர் 118, 120, 122 என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்பது நல்ல செய்தி. 5 என்பது மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட். இந்த ஹெட்டில் 4ம் 5ம் அடுத்தடுத்து இருந்து நடுவில் ஒரே போர்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன, ஹெட்டிலேயே அதிகம் சூடாகிற இடம் அது. ஹீட் ஆன வண்டி வேறு. அங்கே சீட்டுக்கு நடுவில் கிராக் இருக்கிறதா என்று ஹெட் ஷாப்பில் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள், வெறும் கண்ணால் பார்த்துவிட்டு விடக்கூடாது. அடிப்பரப்பு நேராக இருக்கிறதா என்றும் நேர்கோல் வைத்துப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), அதுவும் தேவையான அளவு மட்டும்.

இறக்குவதற்கு முன்னால் முடிந்தால் ஒரு உறுதி. மூன்றாவது பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, பிளக் ஓட்டை வழியாகப் பஞ்சர் கடைக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடுங்கள். பிஸ்டன் உச்சி தப்பினால் என்ஜின் சட்டென்று சுற்றும், அதனால் ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, ஃபேன் பக்கம் கை வைக்காமல் செய்யுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்பரேட்டரில் சீறினால் இன்டேக், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட் அல்லது கிராக்.

வால்வு சீட்டைப் பற்றி ஒரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த என்ஜின் வடிவமைத்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் அது ஒரு மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். சீட்டை வார்ப்பு இரும்பு ஹெட்டிலேயே நேராக வெட்டியிருப்பதால், நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இறங்க இறங்க டாப்பெட் கேப் தானாகவே குறையும், சத்தம் இல்லாமல். உங்கள் எக்ஸாஸ்ட் நான்கும் 10, 8, 0, 9 என்று இன்டேக்கைவிடக் கீழே இருப்பதில் பட்டறைக்காரர் திருகியது எவ்வளவு, சீட் இறங்கியது எவ்வளவு என்று ஹெட் கழன்ற பிறகுதான் தெரியும். எப்படியும் கழற்றிவிட்டீர்கள் என்றால் எக்ஸாஸ்ட் நான்குக்கும் கடினமான சீட் இன்சர்ட் போட்டுவிடுங்கள். ஒரு முறை செலவு, அப்புறம் அந்தக் கவலையே இல்லை. வால்வு தண்டு ஓடுகிற கைடின் ஆட்டத்தையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள், கைடு தேய்ந்தால் புதிய வால்வும் சீட்டில் சாய்ந்துதான் உட்காரும்.

ராக்கர் ஷாஃப்டைக் கழற்றி அடிப்பக்கம் தடவிப் பாருங்கள், தேய்மானம் எப்போதும் கீழ்ப்பக்கம்தான், மேலிருந்து பார்த்தால் பளபளவென்று புதிது மாதிரி இருக்கும். 2ன் ராக்கரை முனை கிரைண்டிங் செய்யலாம், நல்லது கிடைத்தால் மாற்றுங்கள். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை இரண்டிலும் அம்பாசடர் சாமான் இன்னும் கிடைக்கிறது. புஷ் ராடுகளை ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசை மாறாமல் செருகி வையுங்கள்.

மேனிஃபோல்ட்_மதுரை

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் மறக்காதீர்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடும், ஐடில் கொஞ்சம் தடுமாறும். ஹெட் வேலை முடிந்ததும் மிக்சர் ஸ்க்ரூவை மறுபடி டியூன் செய்யுங்கள், மெலிந்த கலவையில் ஓட்டினால் புது வால்வுக்கும் சூடுதான். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றுங்கள். பழையது ஊறி மெத்தென்று ஆகிவிடும், எக்ஸாஸ்டுக்கு மேலே சொட்டினால் ஆபத்து.

பழைய_பட்டறை

அது முக்கியம், ஆனால் கடைசியில் செய்யுங்கள். கம்ப்ரஷன் சரியாகாமல் கார்பரேட்டரைத் தொடுவது வீண்.

கரூர்_மார்க்4

ஹெட் இறங்கியது. 5ம் வால்வின் ஓரத்தில் நகம் வெட்டிய அளவுக்கு ஒரு துண்டு எரிந்து போயிருக்கிறது. கிராக் இல்லை என்று ஹெட் ஷாப்பில் சோதித்துச் சொன்னார்கள், அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. எக்ஸாஸ்ட் சீட் நான்கும் இறங்கித்தான் இருக்கின்றன, இன்சர்ட் போடச் சொல்லிவிட்டேன், எக்ஸாஸ்ட் வால்வு நான்கும் புதிது, கைடு இரண்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். 2ன் ராக்கரும் கிடைத்துவிட்டது. மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பழைய_பட்டறை

நல்லது. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில், டார்க் ரெஞ்சு வைத்து, மேனுவல் சொல்கிற அளவுக்குப் படிப்படியாக ஏற்றுங்கள், கை உத்தேசம் வேண்டாம். இந்த என்ஜினில் ராக்கர் பீடஸ்டலைப் பிடிப்பதிலும் சில ஹெட் நட்டுகள் சேர்ந்தே இருக்கின்றன, அதனால் ஹெட்டை டைட் செய்தால் டாப்பெட் கேப் மாறும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆறிய என்ஜினில் ஹெட்டை மறுபடி டைட் செய்ய வேண்டும், உடனே எட்டு டாப்பெட்டையும் மறுபடி 15க்கு வைக்க வேண்டும். போன தடவை கேஸ்கெட் போட்டவர்கள் இந்த இரண்டாவது வேலையைச் செய்தார்களா என்று கேளுங்கள், எனக்குச் சந்தேகம்தான். ஆயில் 20டபிள்யூ-50, பழைய கேம் உள்ள என்ஜினுக்கு ஒத்த ரகமாகப் பார்த்து வாங்குங்கள். லேசான டிக் டிக் கேட்டால் கேட்கட்டும், யார் சொன்னாலும் திருகவிடாதீர்கள்.

அப்புறம், முதலில் வண்டி ஏன் ஹீட் ஆனது என்று நீங்கள் இதுவரை எழுதவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி ராடு அடித்தார்களா (உள்ளே கம்பி விட்டு அடைப்பை எடுத்தார்களா), தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பார்த்தார்களா, ஹெட்டிலும் பிளாக்கிலும் தண்ணீர் போகும் வழியில் துரு அடைத்திருக்கிறதா? ஹெட் ஷாப்பிலிருந்து வரும் முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

கரூர்_மார்க்4

ரேடியேட்டர் தொடவே இல்லை அண்ணா. நாளைக்கே கழற்றுகிறேன்.